வெள்ளைக் கார் மினுங்க வேண்டுமா? யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கும் புழுதிக்கும் ஏற்ற வழிமுறை

வெள்ளைக் கார் மங்கத் தொடங்கினால் நம்மவர்கள் நேரே கராஜுக்குப் போய், "அண்ணை, ஒருக்கா கட் பண்ணிப் பொலிஷ் அடிச்சுத் தாங்கோ" என்று கேட்பது வழக்கம். அதற்கு முன் இதை வாசியுங்கள். கறுப்புக் காரும் வெள்ளைக் காரும் ஒரே காரணத்தால் மங்குவதில்லை. கறுப்பில் கண்ணை உறுத்துவது நுண்கீறல். வெள்ளையில் அந்தக் கீறல்கள் அனேகமாகத் தெரியாது. தெரிவதெல்லாம் மேலே படிந்த ஊத்தைதான்: கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு, செம்மண், தார், கறள் புள்ளி, கடல் உப்பு. இவற்றை வடிவாக எடுத்துவிட்டால் பெயின்ட்டைத் தேய்க்காமலே பெரும்பாலான வெள்ளைக் கார்களுக்குப் பழைய மினுக்கம் திரும்பிவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் கழுவுவதைப் பற்றித்தான் அதிகம் வரும், மெஷினைப் பற்றிக் கொஞ்சம்தான்.

தேய்க்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கம்பனிப் பெயின்ட்டின் மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமில்லாத படை ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன் தடிப்புத்தான். ஒரு மில்லிமீற்றரை இருபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்தப் படைதான். ஒவ்வொரு தடவை கொம்பவுண்ட் என்ற அராவும் பசையைப் போட்டுத் தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, போனது திரும்பி வராது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. விலை இன்னும் எட்டாத உயரத்தில் நிற்கிறது. கையில் இருக்கும் கார் இன்னும் பல வருடம் ஓட வேண்டும் என்றால் அந்த 40 மைக்ரோனைச் சேமிப்பாக நினையுங்கள்.

உங்கள் கார் எந்த வெள்ளை?

வெள்ளையிலும் வகை உண்டு. சாதாரண வெள்ளை ஒன்று, வெயிலில் சாடையாக முத்து நிறம் காட்டும் பேர்ள் வெள்ளை இன்னொன்று. பொனட்டுக்கு உள்ளே அல்லது கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் கலர் இலக்கம் இருக்கும். டொயோட்டாவில் 040 என்று இருந்தால் சாதாரண வெள்ளை, 070 என்றால் பேர்ள். இதை அறிவதில் பயன் என்னவென்றால், 040 பல மாடல்களில் கிளியர் கோட் இல்லாமலே வரும். மேலே இருப்பதே நிறம்தான். கறுப்புத் துணியில் கொஞ்சம் பொலிஷ் எடுத்து மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளை ஒட்டினால் கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டாம், இந்தப் பெயின்ட் கையால் மினுக்குவதற்கு நன்றாக இடம் கொடுக்கும். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஹயருக்கு ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் எல்லாம் இப்படித் தனி நிறப் பெயின்ட்தான். அவற்றை வைத்திருந்தவர்கள் கையாலேயே மினுக்கி வைத்திருந்தார்கள்.

பேர்ள் என்றால் கூடுதல் கவனம் தேவை. வெள்ளைப் படை, அதன்மேல் முத்துப் படை, அதன்மேல் கிளியர். எங்காவது தேய்த்து உள்ளே இறங்கிவிட்டால் அதே நிறத்தில் ஒட்டுப்போடுவது கெட்டிக்காரப் பெயின்ரருக்கே கஷ்டம்.

பெயின்ட் தகடு தகடாக உரிந்தாலோ, கிளியர் கோட் தோல் கழன்று திட்டுத் திட்டாகத் தெரிந்தாலோ கீழே உள்ள எதுவும் உதவாது. அது திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டிய வேலை. புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதிக்குக் குறைந்தது ஒரு மாதமாவது வக்ஸ் பூசாதீர்கள். உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகி வெளியேற வழி விட வேண்டும்.

முதல் எதிரி தண்ணீர்

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. மழைத்தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கித்தான் நம் கிணறுகளுக்கு வருகிறது, வரும்போது கல்சியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தேத்தண்ணீர்க் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கிறதே, அதே சாமான்தான் காரிலும் படிகிறது. ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றி உப்புத் தன்மை ஏறும்போது இது இன்னும் மோசமாகும். வெள்ளைக் காரில் இந்தப் புள்ளி கறுப்புக் காரைப் போல் பளிச்சென்று தெரியாததால் பலர் கவனிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒளியைச் சிதறடிக்கும், ஊத்தையைப் பிடித்து வைக்கும். மாதக்கணக்கில் சேர்ந்ததும் கார் முழுவதும் ஒரு சாம்பல் மங்கல் வந்துவிடும்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. கிணற்றுத் தண்ணீரால் தாராளமாகக் கழுவுங்கள், ஆனால் அதைக் காரில் காய விடாதீர்கள். வெயில் ஏறுமுன் விடிய, அல்லது ஐந்து மணிக்குப் பிறகு பின்னேரம், நிழலில் கழுவுங்கள். புறங்கையை பொனட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. மத்தியானத்தில் கழுவினால் பின் கதவுக்கு வருமுன் முன் கதவு காய்ந்து புள்ளி விழுந்திருக்கும்.

கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கிடைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். ஐப்பசி முதல் மார்கழி வரை கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். முதல் மழை கூரைப் புழுதியைக் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள். மழை இல்லாத மாதங்களில் குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீரில் ஒரு வாளி போதும், பூவாளியால் கூரையிலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

ஏற்கனவே படிந்த புள்ளிக்கு வீட்டு வினாகிரி வேலை செய்யும். வினாகிரியையும் பற்றறித் தண்ணீரையும் (பற்றறிக்கு விடும் சுத்தமாக்கிய தண்ணீர், அசிற் அல்ல) சம அளவாகக் கலந்து கொள்ளுங்கள். கடையில் பற்றறி அசிற்றும் பக்கத்திலேயே இருக்கும், போத்தலை வாசித்து வாங்குங்கள். குளிர்ந்த, கழுவிய பெயின்ட்டில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து, தேய்க்காமல் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு, பிறகு ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ஒரு பகுதியை முடித்துவிட்டே அடுத்ததுக்குப் போக வேண்டும். இதற்குப் பிறகும் விரல் நுனிக்குச் சிறு பள்ளம் தட்டுப்பட்டால் சுண்ணாம்பு பெயின்ட்டை அரித்துவிட்டது. அது பொலிஷில்தான் போகும், சில வேளை அதிலும் முழுதாகப் போகாது.

கழுவுதல்

கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பக்கம் இருப்பவர்களுக்குச் செம்மண் புழுதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சிவப்பு இரும்பு ஒக்சைட்டின் நிறம். கதவு இடுக்கு, நம்பர் தகட்டின் ஓரம், பின் கதவின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் தங்கி, ஈரம் பட்டதும் வெள்ளையில் மஞ்சள் சாயமாக இறங்கும். புழுதி இருக்கும்போதே துணியால் துடைப்பதுதான் பெயின்ட்டைக் கெடுக்கும் முதல் பழக்கம். விடிய எழும்பி ஈரத் துணியால் காரை ஒரு துடை துடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், தினமும் மண்ணை வைத்துத் தேய்க்கிறார்கள். துடைக்க நேரமில்லை என்றால் புழுதியோடே விடுங்கள், அது குறைந்த கெடுதல்.

முதலில் வெறும் தண்ணீர். ஹோஸ் பைப்பால் கூரையிலிருந்து கீழே மண் வடிந்து போகும்வரை அடியுங்கள். பிரஷர் மெஷின் என்றால் ஒரு முழ தூரமாவது தள்ளிப் பிடியுங்கள்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோபைபர் கையுறையை ஷாம்பில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்பில் விட வேண்டும். வேலை முடிந்து அந்த இரண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள். கையை விட்டால் விரலில் நறநறக்கும் சிவப்பு மண் படிந்திருக்கும். ஒரே வாளியில் கழுவியிருந்தால் அதெல்லாம் பெயின்ட்டில் உரஞ்சியிருக்கும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். கூரை, கண்ணாடி, பொனட், கதவின் மேற்பாதி என்று இறங்கி, கதவின் கீழ்ப்பாதியையும் பம்பரையும் கடைசியாகத் தொடுங்கள். சில்லுகளுக்குத் தனித் துணி வைத்திருங்கள், அது பெயின்ட்டின் பக்கமே வரக்கூடாது.

உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தூள் வேண்டாம். அது வக்ஸையும் எடுத்துவிடும், நம் தண்ணீரோடு சேர்ந்து ஒரு வெள்ளைப் படலத்தையும் விடும். வாளித் தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்து துடைத்தால் கார் மினுங்கும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்த மினுக்கம் எண்ணெய்ப் பூச்சு. அரை நாளில் தெருப் புழுதி முழுவதையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடி றப்பரையும் கெடுக்கும்.

உடனே துடைக்க வேண்டும். பெரிய மைக்ரோபைபர் துவாயை பொனட்டில் விரித்து, இரண்டு நுனியையும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், அழுத்தத் தேவையில்லை. பக்கக் கண்ணாடி, கதவுக் கைபிடி, பின் விளக்கு இடுக்குகளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். கதவுகளை ஒருக்காத் திறந்து மூடி, வடிவதையும் ஒற்றி எடுங்கள்.

சேர்விஸ் நிலையத்தில் கழுவக் கொடுத்தால் ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: தண்ணீரும் நுரையும் அடியுங்கோ, துடைக்க வேண்டாம். முன்னுக்கு நின்ற ட்ரக்டரையும் லொறியையும் துடைத்த துணிதான் உங்கள் காருக்கும் வரும். துவாயை நீங்கள் கொண்டுபோங்கள்.

கழுவியும் போகாதவை

காய்ந்த காரில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மெல்லிய சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொனட்டை மெதுவாகத் தடவுங்கள். வெறுங்கைக்கு வழுவழுப்பாகப் பட்ட இடம் பைக்குள்ளால் மணல் தடவியது போல் கரகரக்கும். அந்தக் கரகரப்பு போனால்தான் மினுக்கம் வரும்.

செம்மஞ்சள் நிறத்தில் ஊசிமுனை அளவு புள்ளிகள் தெரிந்தால், கார் கறள் பிடிக்கிறது என்று பதற வேண்டாம். அவை வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள்கள். பிரேக்கிலிருந்து வரும், ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வரும். எல்லாவற்றையும்விட, கேற்றும் கிறில்லும் செய்யும் வெல்டிங் கடைக்கு அருகில் நிறுத்தினால் நிச்சயம் வரும். கிரைண்டர் பொறி பெயின்ட்டில் விழுந்து ஒட்டிக் கறள் கட்டும். இதற்கு அயன் ரிமூவர் என்ற திரவம் இருக்கிறது. நிழலில், குளிர்ந்த காரில் விசிறினால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். நாற்றம் கடுமை, திறந்த வெளியில் செய்யுங்கள், கையுறை போடுங்கள். சில நிமிடத்தில், காய்வதற்கு முன், நன்றாகக் கழுவிவிடுங்கள். வெள்ளைக் காருக்கு ஒரே ஒரு விசேட சாமான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் நான் மெஷினையோ விலை கூடிய வக்ஸையோ சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

தார்ப் புள்ளி முன் சில்லுக்குப் பின்னால், கதவின் கீழ்ப்பக்கம் இருக்கும். தார் ரிமூவர் இல்லாவிட்டால் துணியில் இரண்டு துளி மண்ணெண்ணெய் தொட்டு அந்தப் புள்ளியில் மட்டும் வைத்து, இளகியதும் ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பெற்றோலும் தின்னரும் வேண்டாம்.

பிறகு கிளே பார், ஒட்டிய ஊத்தையை இழுத்தெடுக்கும் களித் துண்டு. ஒரு துண்டை மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரை நிறைய விசிறி, கையின் பாரம் இல்லாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். முதலில் கரகரப்பும் இழுவையும் இருக்கும், ஊத்தை ஏற ஏறச் சத்தமில்லாமல் வழுக்கும். அப்போது களியைப் புரட்டிப் பாருங்கள், வெள்ளை என்று நீங்கள் நினைத்த பெயின்ட்டிலிருந்து எவ்வளவு பழுப்பு வந்திருக்கிறது என்று தெரியும். மடித்துப் புது முகம் எடுத்துத் தொடருங்கள். நிலத்தில் விழுந்த துண்டை எறிந்துவிடுங்கள், ஒட்டிய மணல் கீறல் போடும்.

பூசைக் கறையையும் இங்கே சொல்ல வேண்டும். புதுக் கார் எடுத்தாலும் ஆயுதபூசை வந்தாலும் பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வைக்கத்தான் வேண்டும், ஆனால் வெள்ளைப் பெயின்ட்டில் குங்குமச் சாயம் ஊறிவிடும். முன் கண்ணாடியிலோ நம்பர் தகட்டிலோ வைக்கலாம், ஐயரிடம் முதலே சொன்னால் செய்வார். பெயின்ட்டில் வைத்துவிட்டால் அன்று பின்னேரமே தண்ணீர் ஊற்றிக் கரைத்து எடுங்கள், காய்ந்த பொடியைத் துணியால் தட்டாதீர்கள். மஞ்சள் நிறம் மட்டும் மிஞ்சினால் வெயிலில் சில நாளில் தானாக வெளிறும்.

காகம், வௌவால் எச்சமும் நாவல்பழச் சாறும் காத்திருக்கத் தகாதவை. ஈரத் துணியைப் போட்டு ஊற வைத்து, தூக்கி எடுங்கள்.

மினுக்குதல்

இவ்வளவும் முடிந்த பிறகு காரை விறாந்தை ரியூப் லைற்றுக்குக் கீழே நிறுத்தி, பொனட்டில் தெரியும் அந்த லைற்றின் பிம்பத்தைப் பாருங்கள். விளிம்பு கத்திபோல் கூராகத் தெரிந்தால் உங்களுக்குப் பொலிஷே தேவையில்லை, வக்ஸுக்குப் போகலாம். விளிம்பு மங்கிப் புகைமூட்டமாகத் தெரிந்தால் மட்டும் தொடர்ந்து வாசியுங்கள்.

புதியவர்களுக்கு என் தெரிவு, கையால் போடும் கிளீனர் வக்ஸ். மிக மென்மையான மினுக்கியும் வக்ஸும் ஒன்றாகக் கலந்தது. ஸ்பொஞ்சில் கொஞ்சம் எடுத்து, இரண்டு சாண் சதுரமாகத் தேய்த்து, மைக்ரோபைபரால் துடைத்தால் வேலை முடிந்தது. பெயின்ட் கெட்டுவிடும் என்ற பயமே இல்லை.

மெஷின் என்றால் டுவல் அக்ஷன் (சுழன்றபடியே அசையும்) வகையைத் தெரிவு செய்யுங்கள். கராஜுகளில் இருக்கும் ரோட்டரி மெஷின் பழகிய கைக்குரியது, ஓரிடத்தில் சில நொடி கூட நின்றால் பெயின்ட் சுட்டுவிடும். றப்பருக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக்குக்கும் மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள், அதில் பொலிஷ் காய்ந்தால் வெள்ளையாக நிற்கும். மென்மையான போம் பாட் (மெஷினில் மாட்டும் ஸ்பொஞ்ச் வட்டு), அதில் ஃபினிஷிங் பொலிஷ் என்ற மென்மையான பொலிஷ் நான்கைந்து துளி. கதவின் கீழ்ப்பக்கம் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பாருங்கள். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு நடு வேகத்தில், மெதுவாக, ஒரு கோட்டின் பாதியை அடுத்த கோடு மூடும்படி, நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. பொனட்டின் மடிப்பு, கதவு விளிம்பு போன்ற முனைகளில் பெயின்ட் மெல்லியது, மெஷினை அங்கே ஏற்றாதீர்கள். இடையிடையே புறங்கையால் சூடு பாருங்கள்.

வெள்ளையில் வெள்ளைப் பொலிஷ் காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, இது புதியவர்களைக் குழப்பும். போன் லைற்றைப் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள், விரலால் இழுத்துப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் துடைக்க இருக்கிறது. மென்மையான பொலிஷில் சரிவராத இடத்துக்கு மட்டும் கொம்பவுண்டை யோசியுங்கள். கார் முழுவதற்கும் கொம்பவுண்ட் போட வேண்டிய வெள்ளைக் கார் மிகக் குறைவு.

வக்ஸும் கறுப்புப் பகுதிகளும்

வக்ஸ் மெல்லியதாகப் போட வேண்டும். தடிப்பாகப் போட்டால் பாதுகாப்புக் கூடாது, துடைக்கிற பாடுதான் கூடும். கார்னோபா வக்ஸ் நம் வெயிலில் சில வாரம் தாங்கும், செயற்கை சீலன்ற் சில மாதம் தாங்கும். வெள்ளையில் இரண்டுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லாததால் சீலன்ற்றே இலாபம். செரமிக் கோட்டிங் செய்தாலும் கிணற்றுத் தண்ணீர்ப் புள்ளி விழத்தான் செய்யும், துடைக்கும் வேலை மிச்சமாகாது.

பக்கத்தில் கறுப்பு கறுப்பாக இருந்தால்தான் வெள்ளை எடுப்பாகத் தெரியும். ரயர், கண்ணாடி றப்பர், வெளிறிய பம்பர்ப் பிளாஸ்ரிக், மஞ்சளாகிய முன் விளக்கு ஆகியவற்றைச் சரிசெய்தால் பெயின்ட்டைத் தொடாமலே கார் இரண்டு வயது குறைந்து நிற்கும். பிளாஸ்ரிக்குக்கு எண்ணெய்ப் பசையான பூச்சு வேண்டாம், மழை பட்டதும் கரைந்து வெள்ளையில் கறுப்புக் கோடாக வழியும். பூசி, சில நிமிடம் விட்டு, மிஞ்சியதைத் துடைத்து எடுத்துவிடுங்கள்.

வருடம் முழுவதும்

முழு வேலைக்கும் உகந்த காலம் தைப்பொங்கல் முதல் பங்குனி வரை. கிணறு நிறைந்திருக்கும், வெயில் கடுமையாகியிராது. சோளகம் வீசும் மாதங்களில் புழுதிதான் பிரச்சினை. வெளியில் நிறுத்தும் காருக்கு உறை போடுபவர்கள் அதைக் கழுவிய காரில் மட்டும் போடுங்கள், புழுதிக் காரின் மேல் காற்றில் அடிபடும் உறை அரத்தாள் வேலை செய்யும். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய் வந்தாலும், நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் காரை விட்டு வந்தாலும், அன்றோ மறுநாளோ உப்பைக் கழுவிவிடுங்கள். அடிப்பக்கத்தையும் சில்லு வளைவின் உட்பக்கத்தையும் மறக்க வேண்டாம், கறள் அங்கேதான் தொடங்கும். வேம்பு, மா, நாவல் நிழல் வாகனத்துக்கு நல்ல நிழல் அல்ல, அதைவிடத் தகரப் பந்தல் நல்லது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வாளிக் கழுவல், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சீலன்ற், வருடத்துக்கு ஒருமுறை அயன் ரிமூவரும் கிளேயும், இது போதும். வக்ஸ் இருக்கிறதா என்று அறியக் கழுவும்போது பொனட்டைப் பாருங்கள்: தண்ணீர் உருண்டு திரண்டு ஓடினால் இருக்கிறது, தட்டையாகப் பரந்து நின்றால் திரும்பப் பூச வேண்டும்.